விலகிச் சென்ற சாலை

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பழைய சாலை, ஊர்களை விசாரித்துக்கொண்டே நடந்த சாலை. குளம் குறுக்கிட்டால் வளைந்தது. கோயில் எதிர்ப்பட்டால் ஒதுங்கியது. அதன் போக்கிலேயே தேநீர்க் கடைகளும் மிதிவண்டி பழுது பார்க்கும் கொட்டகைகளும் முளைத்தன. அச்சாலையை ஒட்டிய சிற்றூர்களுள் ஒன்று செம்மங்குப்பம். 1980களில் அப்பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் சரக்குந்துகள் பெருகின. பழைய வளைவுகள் அவற்றுக்குப் போதவில்லை.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் வரை ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவுக்கு நான்குவழிச் சாலை திட்டமிடப்பட்டது. பணி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. புதுச்சேரியில் தொடங்கும் பகுதி முடியுமிடம், செம்மங்குப்பத்தின் அண்டை ஊரான பூண்டியாங்குப்பம். புதிய தடம் கடலூர் நகருக்குள் நுழைவதில்லை. மேற்கே விலகிச் செல்கிறது. நகரின் நெரிசலில் ஆம்புலன்சுக்குள் தவித்தவர்கள் இம்மாற்றத்தைக் குறை கூறமாட்டார்கள், கூறவும் கூடாது.

ஆயினும், சாலை இடம்பெயரும்போது இருவகை இழப்புகள் நேர்கின்றன. நிலத்தின் மேல் சாலை வருவது ஒன்று. சாலை விட்டுப் போவது மற்றொன்று. முன்னதைச் சட்டம் அறியும். 1956 ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் நில எடுப்புக்கு வழி வகுக்கிறது. 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இழப்பீட்டு முறை 2015 முதல் இதற்கும் பொருந்துகிறது. நிலத்தின் மதிப்போடு ஆறுதல் தொகையும் உண்டு. எஞ்சிய நிலம் துண்டுபட்டால் அந்தச் சேதத்தையும் கணக்கிட இடமுண்டு. பின்னதற்கோ கணக்கே இல்லை. பேருந்துக்குக் காத்திருந்தோரை நம்பி இருபது ஆண்டுகள் பால் காய்ச்சியவரிடமிருந்து ஓரடி நிலமும் எடுக்கப்படவில்லை. வாடிக்கையாளர்களை மட்டுமே புதிய சாலை அழைத்துச் சென்றுவிட்டது. அவர் பெயர் எந்த அறிவிக்கையிலும் இடம்பெறாது.

வழியின் கதையும் இத்தகையதே. வயல் அப்பாலும் வீடு இப்பாலுமாய் ஆனவர், முன்பு பத்தே எட்டில் கடந்த தொலைவைச் சுரங்கப்பாதை தேடி நடக்க வேண்டும். உழவுமாடு அணுகுசாலையின் விதியை அறியாது. மேற்கிலிருந்து கடலை நோக்கி வடியும் மழைநீருக்கும் உயர்ந்த சாலை ஒரு கரையாகிவிடுகிறது. மதகுகள் போதுமான அகலத்தில் அமையாவிடில் நீர் வயலிலேயே தேங்கும். 2015 இன் பெருமழையைக் கண்ட கடலூர் மாவட்டத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குறுக்கே செல்லும் கோட்டைக் கடப்பது எத்தகையது என்பதைச் செம்மங்குப்பம் வேறொரு வகையிலும் அறிந்தது. 2025 ஜூலை 8 அன்று காலை, அங்குள்ள ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதியதில் மாணவர் மூவர் உயிரிழந்தனர். இருப்புப்பாதை வேறு, நெடுஞ்சாலை வேறுதான். எனினும் தண்டவாளத்துக்கு அப்பாலும் நான்குவழிச் சாலைக்கு அப்பாலும் பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில், கடக்கும் இடம் எது என்பது வரைபடத்தில் இறுதியாகக் குறிக்கப்படும் செய்தியாக இருக்கலாகாது.

பழைய சாலை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஐப்பசி மழையில் புதிய சுரங்கப்பாதைக்குள் நீர் நிற்கும் நாள்களில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் பிள்ளைகள் எந்தப் பக்கம் திரும்புவதென்று சற்றே நின்று பார்க்கின்றனர்.