அப்பாவின் ரிவால்வரும் ஈஜிபுரா வாடகை வீடும்

மகன் என்கிற முறையில் எனக்கு வரவேண்டியவை என்று அப்பா ரெண்டு விஷயத்தை மனசில் வைத்திருந்தார். ஏற்காட்டில் இருக்கும் ஓட்டு வீடு ஒன்று. பாயிண்ட் 32 ரிவால்வர் இன்னொன்று. வீட்டில் யாருக்கும் தகராறு இல்லை. ரிவால்வர்தான் என்னை ஆறு மாசம் தூங்கவிடவில்லை.

பூர்வகதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா காபி எஸ்டேட் காண்ட்ராக்டர். எண்பதுகளில் வாரக்கூலி கொடுக்க வேண்டுமென்றால் சேலத்தில் பேங்கில் பணம் எடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, கையோடு கொண்டுபோக வேண்டும். 1988ல் லைசன்ஸ் வாங்கினார். இன்றுவரை ஒரு மனுஷன் மேல் குறி வைத்ததில்லை. ஆயுத பூஜை அன்று அருவாள், கவாத்துக் கத்தி, மோட்டார் பம்ப் வரிசையில் அதற்கும் சந்தனம், குங்குமம். அவ்வளவுதான் அதன் வீர வரலாறு :-)

தேர்தல் வந்தால் மட்டும் அதற்கு ஒரு பயணம் உண்டு. தேதி அறிவித்ததும் லைசன்ஸ்காரர்களைத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்க் கொடுத்து ரசீது வாங்குவார், ஓட்டு எண்ணி முடிந்ததும் போய் வாங்கி வருவார். 1989 முதல் 2024 வரை எல்லா ரசீதும் ஒரு மஞ்சப்பையில் பத்திரமாக இருக்கிறது. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எங்கே என்று கேட்டால் அம்மாவைக் கைகாட்டுவார்.

போன வருஷம் அவருக்கு எழுபது முடிந்தது. போனில் கூப்பிட்டார்.

"கண்ணு, எழுபது ஆயிட்டா வாரிசு பேருக்கு மாத்திக்கலாமாம். நீ எடுத்துக்கோ."

அவர் சொன்னது சரிதான். 2016ம் வருஷ ஆயுத விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. லைசன்ஸ்தாரர் இறந்த பிறகு வாரிசு கேட்கலாம். உயிரோடு இருக்கும்போதே என்றால் அவருக்கு எழுபது வயதாகியிருக்க வேண்டும், அல்லது துப்பாக்கியை வாங்கி 25 வருஷம் ஆகியிருக்க வேண்டும். எது முன்னால் வருகிறதோ அது. அப்பாவுக்கு ரெண்டுமே தாண்டிவிட்டது.

ஆனால் "மாத்திக்கலாம்" என்பது அப்பா நினைத்த மாதிரி பட்டா மாறுதல் இல்லை. துப்பாக்கி அவருடையதாக இருக்கலாம். லைசன்ஸ் ஆளுக்கும் விலாசத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது. வாரிசும் புது ஆள் மாதிரியே விண்ணப்பம் போட வேண்டும். அதையும் அவன் குடியிருக்கும் ஊரில் போட வேண்டும். மாவட்டத்தில் என்றால் கலெக்டர். பெங்களூரு சிட்டியில் போலீஸ் கமிஷனர். அப்புறம் உள்ளூர் ஸ்டேஷன் விசாரணை, டாக்டர் சர்டிபிகேட், பாதுகாப்புப் பயிற்சி, வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பேன் என்று எழுத்தில் உறுதிமொழி. எல்லாம் முடிந்து தேசியத் தகவல் தளத்தில் ஒரு அடையாள எண் விழ வேண்டும். அந்த எண் இல்லாத லைசன்ஸ் இப்போது செல்லாது. இன்னொன்று, தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் லைசன்ஸை நம்பி அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் அங்கேயே குற்றம்.

குடியிருக்கும் ஊர் சரி. எந்த விலாசம்? பதினோரு மாச அக்ரிமெண்ட், ஈஜிபுரா, மூணாவது மாடி, பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் எங்கள் வீட்டு அலமாரி அதிரும். 2017ல் தொடங்கி வருஷக்கணக்கில் தூண்களாகவே நின்ற அந்த மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்துகளில் மூன்று வீடு மாறியிருக்கிறேன். லைசன்ஸ் இருந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் அதிலும் விலாசம் மாற்ற அலைந்திருக்க வேண்டும். கேஸ் கனெக்‌ஷனுக்கே நாக்குத் தள்ளிவிட்டது.

வீட்டு ஓனரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். நல்ல மனுஷர், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். "தம்பி, நான் ரெண்டாவது சிலிண்டரே வேணாங்கறேன். நீ பிஸ்தோல்ங்கற" என்று சிரித்தார். சாயங்காலம் மாடிக்கு வந்து, சும்மாதானே கேட்டே என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு போனார்.

என் மனைவி சட்டமெல்லாம் பேசவில்லை. ஒரே கேள்விதான். "சாவியை எங்க வைப்பீங்க?" ஆறு வயசுப் பையன், ரெண்டு ரூம் வீடு. அவனுக்குத் தெரியாத இடம் என்று அதில் ஒன்று கிடையாது. பிஸ்கெட் டப்பாவை மறைக்க முடியாத வீட்டில் ரிவால்வரை எங்கே மறைப்பது?

ஆபீஸில் விராஜ்பேட்டை நண்பர் ஒருவர் இருக்கிறார், கொடவர். இதைச் சொன்னதும், "எங்களுக்கு லைசன்ஸே வேண்டாமே" என்றார். உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை அது. 2019ல் மத்திய அரசு மேலும் பத்து வருஷம், 2029 வரை நீட்டித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021ல் செல்லும் என்றது. அவர்களும் கைல்போதுக்குத் துப்பாக்கியைக் கும்பிடுகிறார்கள், அப்பாவும் ஆயுத பூஜைக்குக் கும்பிடுகிறார். மைசூர் ரோட்டில் போனால் ஒரு சட்டம், ஓசூர் ரோட்டில் போனால் ஒரு சட்டம். அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு இது புதுசாக இருக்காது. டெக்சாஸில் 2021லிருந்து 21 வயதானால் பர்மிட்டே இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்கலாம். நியூஜெர்சியில் ஒவ்வொன்று வாங்கவும் தனித்தனி பர்மிட்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஊரில் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ லைசன்ஸ் துப்பாக்கி இருந்து, அவர் காலமாகிவிட்டால், "அப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்று பீரோவில் வைத்திருக்கக் கூடாது. அவரோடு லைசன்ஸும் போய்விடும். தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ரெண்டு வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் வரை ஜெயில். காரியம் முடிந்து பத்து நாளில் பிளைட் ஏறுகிற அவசரத்தில் இது யாருக்கும் ஞாபகம் வராது. பீரோவைத் திறக்கப்போவது அம்மாதான்.

என் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. "சரி கண்ணு, கடையில குடுத்துடலாம்" என்றார். குரல் நன்றாக இல்லை.

அன்று ராத்திரி விதியை மறுபடி படித்தேன். அதில் மகன் என்று இல்லை, வாரிசு என்றுதான் இருக்கிறது. மகளும் அதில் வருவாள். தங்கை ஏற்காட்டிலேயே இருக்கிறாள், எஸ்டேட் கணக்கு வழக்கு எல்லாம் அவள்தான். அதே விலாசம், அதே சுவரில் பதித்த இரும்புப் பெட்டி. பன்னிரண்டு வருஷமாக மஞ்சப்பையில் ரசீதை அடுக்குவதும் அவள்தான். அப்பாவுக்கும் தோணவில்லை, எனக்கும் தோணவில்லை. அவளிடம் கேட்டதற்கு, "நீ வேணாம்னு சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றாள்.

விண்ணப்பம் போட்டாயிற்று. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "ஏம்மா, உங்களுக்கு அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்டாராம்.

"இருக்காருங்க. பெங்களூர்ல வாடகை வீட்ல இருக்காரு" என்றாளாம்.