கப்பல்ல எங்க நின்னா நல்லா தெரியும்? (கொஞ்சம் நீளமான இழை)

2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டேலியா சொகுசுக் கப்பல் கிளம்ப ஆரம்பிச்சது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் வந்தது. அதுல இருந்து என்கிட்ட வர்றவங்க ரெண்டு கேள்வி கேக்குறாங்க. "டாக்டர், வாந்தி வருமா?" "எந்த எடத்துல நின்னா நல்லா பாக்கலாம்?"

ரெண்டாவது கேள்விக்கு டாக்டர் எதுக்குன்னு தோணும். ஆனா ரெண்டும் ஒரே கேள்விதான். எனக்கு அது புரிஞ்சது 2011ல, எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போனப்ப.

அந்த வருஷம் ஜூன் 13ஆம் தேதி 'ஸ்கோஷியா பிரின்ஸ்'ங்கிற கப்பல் தூத்துக்குடி - கொழும்பு ஓட ஆரம்பிச்சது. மாலையில கிளம்பினா மறுநாள் காலையில கொழும்பு. ஆள் சேரலைன்னு நவம்பரிலேயே நின்னும் போச்சு. நாங்க போனது அக்டோபரில்.

எங்க ஊரு சாத்தான்குளம். எங்க பக்கத்துல "கொழும்புக் கடை"ன்னா ஒவ்வொரு தெருவுலயும் ஒரு குடும்பம் கை தூக்கும். எங்க தாத்தாவும் அங்க கடையில இருந்தவர்தான். அவர் சின்ன வயசுல போனது தூத்துக்குடியிலிருந்து நேரே ஸ்டீமரில். 1914ல பாம்பன் பாலம் வந்து, போட் மெயில் ரயில் தனுஷ்கோடிக்குத் திரும்புற வரைக்கும் கொழும்புக்கு அதுதான் ராஜபாட்டை. அப்ப தூத்துக்குடியில ஆழமான துறைமுகம் கிடையாது, அது வந்ததே 1974ல தான். ஸ்டீமர் கரைக்கு வராம பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டிருக்கும். சின்னப் படகுல போய்த்தான் ஏறணும்.

அப்பா சிறுவனா போனது தனுஷ்கோடி - தலைமன்னார் வழி. அங்கிருந்து ரயில். அதனால தாத்தா திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு காட்சியை அவர் பாக்கவே இல்லை. விடியக்காலையில கப்பல்ல இருந்து பாத்தா, இலங்கையில மொதல்ல கரை தெரியாதாம், சிவனொளிபாதமலைதான் தெரியுமாம். எழுபத்தாறு வயசுல அதைப் பாக்கணும்னுதான் அவர் கிளம்பினார். கொழும்புல போய்ப் பாக்க அவருக்கு வேற ஒன்னும் இல்லை, கடையும் இல்லை, ஆளும் இல்லை.

பிரச்சினை என்னன்னா, அப்பாவுக்கு பஸ்ல திருச்செந்தூர் போனாலே தலை சுத்தும். மாத்திரை கொடுக்கலாமேன்னு கேப்பீங்க. கப்பல் வாந்திக்கு நம்ம ஊர்ல பரவலா எடுக்குற அவோமின், அதாவது புரோமெத்தசின், புராஸ்டேட் வீங்கின வயசானவங்களுக்கு சிறுநீரை அடைச்சிடலாம். தூக்கக் கலக்கத்துல விழவும் வைக்கும். நடுக்கடல்ல ராத்திரி ஒண்ணுக்கு அடைச்சுக்கிட்டா என்ன பண்றது? அப்பாவுக்கு புராஸ்டேட் வீக்கமும் உண்டு, சர்க்கரையும் உண்டு. ஆக மாத்திரை வேண்டாம்னு முடிவு. உக்காரும் இடமே மருந்து.

இப்ப கொஞ்சம் பாடம்.

நம்ம உள்காதுல அசைவை அளக்குற உறுப்பு இருக்கு. கப்பல் அறைக்குள்ள உக்காந்தா, காது "ஆடுது"ங்கும். கண்ணு "சுவர் அப்படியேதானே இருக்கு"ங்கும். மூளைக்கு யாரை நம்புறதுன்னு தெரியாது. அதோட விளைவுதான் குமட்டல். வெளியே வந்து தொடுவானத்தைப் பாத்தா கண்ணும் காதும் ஒத்துப் போயிடும். போனைக் குனிஞ்சு பாக்குறது, புத்தகம் படிக்கிறது ரெண்டும் ஆகாது.

அடுத்தது, கப்பல் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஆடாது. ஏத்தப்பலகையை நினைச்சுக்கோங்க. ரெண்டு முனையும் ஏறி இறங்கும், நடு கிட்டத்தட்ட நிக்கும். அதே மாதிரி மேல போகப் போக பக்கவாட்டு ஆட்டம் கூடும். அப்ப ஆட்டம் குறைஞ்ச இடம் எது? நீளத்துல நடு, உயரத்துல கீழ்.

ஆனா காட்சிக்கு எல்லாரும் ஓடுறது எங்க? உச்சித் தளம், முன்முனை! மலையைப் பாக்கணும்னா மேலதானே போகணும்னு அப்பாவும் அடம்.

அதுக்கு நான் ஒரு கணக்கு போட்டேன். கண் கடல்மட்டத்துல இருந்து 2 மீட்டர் உயரத்துல இருந்தா தொடுவானம் 5 கிலோமீட்டர். 8 மீட்டர்ல 10. 20 மீட்டர்ல 16. தாழ்வான கரை, தென்னந்தோப்பு, கலங்கரை விளக்கம் இதையெல்லாம் சீக்கிரம் பாக்க உயரம் உதவும், வாஸ்தவம்தான். சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். கொழும்புல இருந்து சுமார் 70 கிலோமீட்டர் கிழக்கே நிக்குது. அதோட உயரத்துக்கு நூத்தைம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பூமியோட வளைவு மறைக்காது. மறைக்கிறது மேகமும் மூட்டமும்தான். அதுக்கு மேல் தளமும் ஒன்னுதான், கீழ்த் தளமும் ஒன்னுதான்.

"அப்பா, மலை உங்களை விட உயரம். நீங்க கீழ இருந்தாலும் தெரியும்"னேன். ஒத்துக்கிட்டார்.

எந்தப் பக்கம்? இதைக் கிளம்புறதுக்கு முன்னாடியே வரைபடத்துல பாத்து வச்சிடணும். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு தென்கிழக்கு. சாயங்காலம் சூரியன் வலதுபக்கம் பின்னால இறங்கும். காலையில இலங்கை இடதுபக்கம் கொஞ்சம் முன்னால வரும். சாயங்காலம் வலம், காலையில இடம். அவ்வளவுதான். கப்பல்ல ஏறினவங்க பாதிப் பேரு இது தெரியாம சூரியனைத் தேடி தளம் முழுக்க நடந்துக்கிட்டு இருந்தாங்க.

துறைமுகத்தை விட்டு வெளியே வர்றப்ப மட்டும் பின்பக்கம் நின்னோம். அங்க கடல் இன்னும் ஆடாது, பயமில்லை. அலைதடுப்புச் சுவர், முயல் தீவு, அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். ஊரெல்லாம் மறைஞ்ச பிறகும் அந்தப் புகைபோக்கிகள் மட்டும் நின்னுச்சு. வழியில முத்துப் பார்கள் இருக்கிற கடல். தூத்துக்குடியில கடைசியா முத்துக் குளிச்சது 1961ல. மேல இருந்து பாத்தா ஒன்னும் தெரியாது, வெறும் தண்ணிதான். ஆனாலும் அப்பா எட்டி எட்டிப் பாத்தார்.

இருட்டினதும் உள்ளே கூட்டிட்டு வந்துட்டேன். ராத்திரி தொடுவானம் கிடையாது, வெளியே நின்னு பிரயோஜனம் இல்லை. மல்லாந்து படுத்து கண்ணை மூடுறதுதான் வழி. ரெண்டு இட்லி, கொஞ்சம் இஞ்சி. சர்க்கரை மாத்திரையைச் சாப்பாடு வயித்துல தங்குனதைப் பாத்த பிறகுதான் கொடுத்தேன். இதைக் கவனமா படிங்க: மாத்திரையைப் போட்டுட்டு சாப்பாட்டை வாந்தி எடுத்தா சர்க்கரை சடார்னு இறங்கிடும். பையில குளுக்கோஸ் இருக்கணும். உங்களுக்கு எந்த மாத்திரையை எப்பன்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போங்க.

காலை அஞ்சு மணிக்கு எழுப்பினேன். வயசானவங்களைச் சட்டுனு எழுப்பி நடக்க விடாதீங்க, ரத்த அழுத்தம் இறங்கும். ரெண்டு நிமிஷம் உக்கார வச்சு, தண்ணி கொடுத்து, கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நடு தளத்துக்குக் கொண்டு போனேன். உப்புக்காத்துல தளம் ஈரமா இருக்கும். செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ள ரப்பர் சூ போட வச்சேன். இடதுபக்கம், சுவரை ஒட்டி ஒரு நாற்காலி.

அக்டோபரில் சூரியன் கிட்டத்தட்ட அந்த மலைப்பக்கமே உதிக்கும். அதனால நேரம் ரொம்பக் கொஞ்சம். வானம் வெளுத்ததுல இருந்து சூரியன் வெளியே வர்ற வரைக்கும்தான். அப்புறம் கண் கூசும், மூட்டமும் ஏறிடும்.

கீழ்வானத்துல மேகம் இருந்துச்சு. அதுக்கு மேல ஒரு கூம்பு மாதிரி சாம்பல் நிறத்துல ஏதோ. எனக்கு அதுவும் மேகமாத்தான் தெரிஞ்சது.

"எய்யா, அதாம்ல" என்றார் அப்பா.

"மேகம் மாதிரி இருக்கேப்பா."

"மேகம் நகரும்ல. இது நகரலயே."

பத்து நிமிஷம் பாத்தோம். நகரலை. பிறகு சூரியன் வந்துடுச்சு, ஒன்னும் தெரியலை. அப்பா வாந்தி எடுக்கலை. சுவர்ல சாஞ்சு உக்காந்து, தாத்தா கடையில என்னென்ன மூட்டை எங்கெங்க இருந்துச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சார். கொழும்புத் துறைமுகம் வர்ற வரைக்கும் நிறுத்தலை. அதுல முக்காவாசி நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்லை.

அப்பா இப்ப இல்லை.

மத்தபடி சில விஷயம். ஆஸ்துமா உள்ளவங்க பின்தளத்துல புகைபோக்கிக்குக் காத்து இறங்குற பக்கம் நிக்காதீங்க. முன்முனையில பெரிய கயிறு கட்டுற இடத்தை மூடி வச்சிருந்தா, திறக்கச் சொல்லி கெஞ்சாதீங்க, இறுகின கயிறு அறுந்தா ஆளைக் கொல்லும். கம்பி மேல குழந்தையை உக்கார வச்சு போட்டோ எடுக்குறது வேண்டவே வேண்டாம். காத்து அடிக்கிறதால வெயில் உறைக்காது, ஆனா தோல் கருகும். தொப்பி போடுங்க, தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க.

நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறை கிட்டத்தட்ட நேர் தெற்கு. காலையில போறதா இருந்தா வெயில் இடதுபக்கம் அடிக்கும். வலதுபக்கம், நடுவுல, சன்னல் ஓரம் கேளுங்க.