நீச்சல், சைக்கிள், ஓட்டம், கொத்சு!

"ட்ரையத்லானா? அது என்ன மாத்திரை?" என்றார் மாமனார். 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்ஸில் சேர்த்த சமாசாரம் என்று விளக்கினேன். "ஏன் மாப்பிள்ளை, பஸ் கிடைக்கலையா?" என்றார்.

நமக்கு வாய்ப்பதெல்லாம் நல்ல காரியத்துக்கான உள்ளூர் ஓட்டங்கள்தான். மற்ற இரண்டையும் நானே ஒப்பேற்றுகிறேன். கடலூர் சில்வர் பீச்சில் இறங்கப் போனால், வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, இழுப்பு ஜாஸ்தி" என்றார். 2004 சுனாமியைப் பார்த்த தேவனாம்பட்டினத்துக்காரரிடம் வாதம் செய்ய முடியுமா? நீச்சல் கட்!

சைக்கிள்தான் சொர்க்கம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டிச் சிதம்பரம். ஏறக்குறைய ஒலிம்பிக்ஸ் தூரம். மேடு கிடையாது. அந்தக் குறையை எதிர்காற்று தீர்த்து வைக்கும்.

போன முறை சிதம்பரத்தில் ஓடியது ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக. கட்டணம் 400 ரூபாய். மூச்சு வாங்கும்போதும் பி.காம். புத்தி சும்மா இருக்கிறதா? பனியன் 180, மெடல் 90, பொங்கல் 50, அப்புறம் பேனர், மைக் செட்... பிள்ளைகளுக்கு என்னதான் மிச்சம்? கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்து, அதையே கேட்டேன். அமைப்பாளர் என் கழுத்தில் மெடலை மாட்டி, "போட்டோவுக்குச் சிரிங்க சார்!" என்றார்.

பனியனையும் மெடலையும் திருப்பிக் கொடுத்து, "இந்த 270-ஐ பிள்ளைங்க கணக்குல வரவு வைங்க" என்றேன். கொஞ்சம் முழித்தார். பிறகு ரசீது எழுதினார். கை நடுங்காமல் வாங்கிக்கொண்டேன்.

கீழ வீதியில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் ஒரு பிடி பிடித்தேன். அதோடு கால் மடங்க மறுத்துவிட்டது. சைக்கிளோடு குட்டியானையில் ஏறிக் கடலூர் திரும்பினேன். மாமனாருக்கு இது தெரியாது.