மரத்தைக் கிடங்காக்கினேன்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பழ வியாபாரம் செய்தவன் நான். கொடைக்கானல் மலையில் பேரிக்காய்த் தோட்டங்களைக் காய்ப்போடு குத்தகைக்குப் பிடிப்பேன். என்றைக்குப் பறிப்பது என்று சொல்வதும் நான்தான். அந்த அதிகாரத்தைப் பேராசைக்குப் பயன்படுத்தினேன்.

ஆடியிலேயே காய் திரண்டுவிடும். என் கண்ணோ ஓணத்தின் மேல். ஓணம் நெருங்கினால் சாலையில் பழம் விலை ஏறும். மரத்தில் நிற்கும் காய்க்கு எடையும் கூடும். குளிர்பதனக் கிடங்குக்கு வாடகை உண்டு, மரத்துக்கு இல்லை. "அண்ணாச்சி, காய் முத்திருச்சு. லேசாத் தூக்கினாலே காம்போட கையில வருது. இனி விட்டா உள்ள கெட்டுரும்" என்பார் பறிக்கும் பெரியவர். "இன்னும் ஒரு வாரம் கிடக்கட்டும்" என்பேன். வருஷா வருஷம் இதே பேச்சு.

அவர் சொன்னது முழு உண்மை. பேரி மரத்திலேயே நன்றாகக் கனிகிற பழம் அல்ல. விளைந்து இறுகி இருக்கும்போதே பறித்து, குளிரில் வைத்து, பிறகு வெளியே எடுத்துக் கனியவிட வேண்டும். மரத்தில் விட்டால் முதலில் நடுவில்தான் கனியும். வெளியே கெட்டியாகத் தெரியும்போதே விதையைச் சுற்றிப் பழுப்பேறிக் குழைந்துவிடும். சதை மணல் மணலாக நாக்கில் தட்டும். பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு காய்க்குள் பெருகத் தொடங்கிய பிறகு 0 டிகிரிக் குளிரும் கேட்டைத் தள்ளிப்போடுமே தவிர, தடுக்காது. முந்திப் பறித்தாலும் தப்புதான்: தோல் சுருங்கும், இனிப்பு ஏறாது. சரியான பருவம் மிகக் குறுகியது. அதைத் தெரிந்தேதான் தவறவிட்டேன்.

சுமார் 2,100 மீட்டர் உயரக் குளிரிலிருந்து மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாக லாரியில் இந்த வெக்கைக்கு வந்து சேரும் பெட்டிகளைப் பிரித்தால், பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. கேடு உள்ளே இருந்தது. அறுத்துப் பார்க்கப்போகிறவர் வாங்கிப்போனவர். அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. மெடிக்கல் காலேஜில் கிடந்த உறவினருக்கென்று வாங்கிய ஒரு பெண் திரும்பி வந்து கேட்டபோது, "இந்த வருஷம் மலையில் மழை அதிகம்மா" என்றேன். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது வாய்கூசாமல் சொன்ன பொய்.

குத்தகைக்குப் பிடிக்கும் வியாபாரிகளே, பறிக்கும் நாளை மலையில் இருப்பவர்களிடம் விடுங்கள். வாங்குகிறவர்களே, பேரிக்காய் எடுக்கும்முன் ஒன்றை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.