ஸெவிலில் முதல் நாள்

ஸெவில் பேராலயத்தின் ஹிரால்டா கோபுரத்தில் ஏற, உச்சியில் சில படிகள் தவிர, 35 சரிவுகள்தாம். பாங்கு சொல்பவர் குதிரையிலேயே போகட்டும் என்று அப்படிக் கட்டியதாகச் சொல்கிறார்கள். 1198இல் முடிந்த மினார் அது. 1248இல் நகரைப் பிடித்த கிறிஸ்துவர்கள் அதை இடிக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் அதன் மேல் மணிக்கூண்டு வைத்தார்கள். அழகு ஜயித்துவிட்டது என்றேன்.

"மசூதி எங்கே?" என்றாள் மனைவி.

மசூதி இருந்த இடத்தில்தான் பேராலயம் நிற்கிறது. என் ரசனை நின்றதைப் பார்த்தது. அவள் விழுந்ததை எண்ணினாள். உள்ளே நான்கு சிலைகள் கொலம்பஸின் பெட்டியைச் சுமக்கின்றன. பக்கத்தில், 1785இல் நிறுவப்பட்ட இண்டீஸ் ஆவணக் காப்பகம். "வந்த வெள்ளிக்கெல்லாம் கணக்கு இருக்கும், இல்லையா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

மாலையில் குவாதல்கிவிர் கரை. 1503இல் ஏற்பட்ட வணிக மன்றம் அமெரிக்க வியாபாரத்தை இங்கிருந்தே ஆண்டது. ஆறு மண்மேடிட்டது, பெரிய கப்பல்கள் வர முடியவில்லை, 1717இல் மன்றம் காடிஸுக்குப் போயிற்று. ஆற்றின் பெயர் மட்டும் போகவில்லை. 'பெரிய ஆறு' என்ற அரபுச் சொல் அது. வென்றவர்கள் இன்றும் தோற்றவர்களின் வார்த்தையால்தான் தங்கள் ஆற்றை அழைக்கிறார்கள். இதில் எங்களுக்குள் வழக்கில்லை.