காற்புள்ளியும் இகரமும்

இலக்கணம் கற்ற மாணவனுக்குக் கணினியிடத்து வேலையில்லை என்னும் எண்ணம் கலைப்பீடத்தில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அது எத்துணை பொருந்தாதது என்பதை, எமது சங்கத்தின் பழைய மலர்களில் வெளிவந்த கட்டுரைகளுக்கு அட்டவணை தயாரிக்கும் பணி எனக்குத் தெளிவாக்கிற்று.

அட்டவணையின் பதிவுகள் யாவும் ஜேசன் என்னும் அமைப்பில் எழுதப்படுகின்றன. டக்ளஸ் குறொக்போட் என்பார் 2001ஆம் ஆண்டளவில் வகுத்து, 2013இல் எக்மா 404 என்னும் நியமமாக வெளிவந்த இவ்வமைப்பின் விதிகள் ஒரு சிறு தாளில் அடங்குவன. பெயரையும் மதிப்பையும் முக்காற்புள்ளி இணைக்கும். அவ்விணைகளைக் காற்புள்ளி பிரிக்கும். நெளிவு அடைப்பு முழுவதையும் தழுவி நிற்கும். எழுத்துத்தொடர்கள் இரட்டை மேற்கோளுக்குள் நிற்றல் வேண்டும்; ஒற்றை மேற்கோள் செல்லாது. இறுதி இணையின் பின் காற்புள்ளி வரலாகாது. குறிப்புரை எழுதவும் இடமில்லை. உரையின்றி நூல் பயிலாத நமக்கு இது சற்று வருத்தமே.

தரப்பட்ட தொடர் இவ்விதிகளுக்கு இயைந்ததா என்பதை நிரல் எவ்வாறு அறியும்? முதலிலும் ஈற்றிலும் அடைப்புக்குறி இருந்தாற் போதுமெனக் கொள்வாருமுளர். ஈற்றுச்சீர் 'காசு' என்னும் வாய்பாட்டில் முடிந்தமை கண்டு செய்யுளை வெண்பாவெனத் துணிவதை ஒத்தது அது. வெண்பாவை முதற்சீர் தொட்டு அலகிட்டுத் தளை கண்டே துணிதல் வேண்டும். பைத்தன் மொழியில் ஜேசனை வாசிப்பதற்கென அமைந்த கூறும் அவ்வாறே எழுத்தெழுத்தாக வாசித்துச் செல்கின்றது. விதி பிழைத்தவிடத்து நின்று, எத்தனையாம் வரியில் எத்தனையாம் எழுத்தில் தடையுண்டாயிற்று என அறிவித்து, முழுவதையும் மறுத்துவிடுகின்றது. அம்மறுப்பை ஏற்று அடுத்துச் செய்வது யாதென நிரலில் எழுதிவைத்தால் சோதனை முடிந்தது.

ஒரு காற்புள்ளிக்காகக் கோப்பு முழுவதையும் தள்ளுவது கொடுமையன்றோ என்று உடன் பணியாற்றும் நண்பர் வாதிட்டார். பிழையைத் தாமே திருத்திக்கொள்ளும் நிரல்கள் உள என்பது உண்மையே. இணையப் பக்கங்களில் மூடாது விடப்பட்ட குறிகளை உலாவி ஓசையின்றிச் சரிசெய்துவிடுகின்றது. எனினும் அட்டவணைக்கு அது ஆகாதென்பதே என் துணிபு. மேற்கோள் ஒன்று விடுபட்டால், தலைப்பு எங்கு முடிகின்றது, ஆசிரியர் பெயர் எங்கு தொடங்குகின்றது என்பதை நிரல் ஊகிக்க நேரும். ஏட்டுச்சுவடிகளிற் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடுமில்லை. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் அத்தகைய ஏடுகளையே வாசிக்க வேண்டியிருந்தது. ஆயின் பதிப்பாசிரியன் தான் ஐயுற்றவிடத்துப் பாடபேதம் காட்டலாம். ஓசையின்றித் திருத்தும் நிரல் தன் ஊகத்தை எங்கும் குறித்து வைப்பதில்லை.

ஆண்டு 1978 என்பதற்குப் பதிலாக 1987 எனப் பதியப்பட்டிருப்பின் சோதனை அதனைக் கண்டுகொள்ளாது. இதனினும் வியப்பானது, முன்னைய மாணவர் சிலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வைத்த பட்டியலை ஜேசனாக மாற்றியபோது நிகழ்ந்தது. பாமினியில் இகரம் காற்புள்ளியின் இடத்திலும், மெய்யின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்திலும் அமைந்துள்ளன. கணினியின் நோக்கில் அங்கே தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே உள. 'இலங்கை' என்னும் சொல் அதற்குக் காற்புள்ளியில் தொடங்கும் பொருளற்ற கோவையாகும். மேற்கோளுக்குள் அடங்கிய காற்புள்ளியோ விதியை மீறுவதன்று. ஆதலின் கோப்பு முழுவதும் செம்மையானதென ஏற்கப்பட்டது! 'இலங்கை' எனத் தேடியபோது அக்கோப்பிலிருந்து ஒரு பதிவேனும் அகப்படவில்லை. பழைய மலர்களிற் சிலவற்றுக்கு ஒரு பிரதியே எஞ்சியுள்ள நிலையில், தேடுவோர்க்கு அக்கட்டுரைகள் எழுதப்படாதவையாகவே தோன்றும்.

இப்பொழுது இரண்டாவது சோதனையொன்றைச் சேர்த்துள்ளோம். தலைப்பில் யூனிகோட் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களுக்குள் அடங்கும் எழுத்து ஒன்றேனும் உண்டா என அது பார்க்கும். இல்லையெனின் பதிவைத் தனியே வைக்கும். அவ்வாறு வைத்தவற்றுள் உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சில கட்டுரைகளும் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிய மலரைக் கையிலெடுத்துப் பக்கம் புரட்டுகின்றோம். எழுபதுகளின் மலர்கள் முடிந்தன. எண்பதுகளுக்குரியவை இன்னும் மேசை மீது கிடக்கின்றன.