பழைய லொறியின் டிபரன்சல் பிளாஞ்சை மாற்றினோம்

கொஞ்சம் நீண்ட பதிவு. பழைய லொறி, பவுசர் வைத்திருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறோம்.

எங்கள் வீட்டு லொறி டாட்டா 1210. டாட்டா கம்பனி 1954 முதல் 1969 வரை பென்ஸ் கம்பனியோடு சேர்ந்து லொறி செய்தது. அதனால் எங்கட ஆட்கள் இப்பவும் அதை டாட்டா பென்ஸ் என்றுதான் சொல்லுவார்கள். 1990 அக்டோபரில் வடக்கை விட்டுப் போன பிறகு வாப்பா புத்தளத்தில் வாங்கிய வண்டி. ஊருக்குத் திரும்பியபோது அதையும் கொண்டு வந்தோம். இப்போது தண்ணீர்த் தாங்கியோடு வேலணை, புங்குடுதீவுப் பக்கம் ஓடுகிறது. கோடையில் அங்கே கன கிணறுகள் உவர். லொறி ஒரு நாள் நின்றால் எத்தனையோ வீட்டில் குடம் காலி.

இந்தக் கோடையில் கியர் போட்டு எடுக்கும்போதெல்லாம் பின்னுக்கு "டொங்" என்று அடித்தது. டிபரன்சலின் முன்பக்கம் ஒயில் கசிந்து அடித்தட்டெல்லாம் தெறித்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து காக்காவும் நாங்களும் கீழே படுத்துப் பார்த்தோம். சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நியூற்றலில் விட்டு, புறப்பெல்லர் சாவ்ட்டைக் கையால் இரண்டு பக்கமும் முறுக்கினோம். பிளாஞ்ச் ஆடியது. ஆனால் நடுவில் இருக்கிற பினியன் நட் ஆடவில்லை. இரண்டும் சேர்ந்து ஆடினால் இடைவெளி உள்ளே பற்களில். பிளாஞ்ச் மட்டும் ஆடினால் அதன் உள்வரிப் பற்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம்.

சில வண்டிகளில் பிளாஞ்சுக்குப் பதிலாக யோக் இருக்கும், குறோஸ் நேரே அதில் பூட்டும். வேலை ஒன்றுதான்.

கழற்றியதும் இரண்டு தேய்வு தெரிந்தது. ஒயில் சீல் உரசுகிற இடத்தில் நகம் தடுக்கும் அளவுக்கு ஒரு பள்ளம். அதற்கு மருந்து உண்டு. மெல்லிய உறை ஏற்றலாம், அல்லது புதுச் சீலை இரண்டு மில்லிமீற்றர் வெளியே நிறுத்தினால் உதடு புது இடத்தில் உரசும். வரிப்பற்களுக்கு அப்படி மருந்து இல்லை.

"பிளாஞ்சைப் பினியனோட சேர்த்து வெல்டிங் வைச்சு விடுங்கோ சேர், பின்னேரம் ஓடலாம்" என்று ஒருவர் சொன்னார். தண்ணீருக்கு ஆட்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த நேரம், மனம் ஆடத்தான் செய்தது. எங்கள் மெக்கானிக் அண்ணை மறுத்துவிட்டார். "சூட்டில பினியன் வெடிக்கும், சீலும் கருகும். பிறகு சீல் மாத்த பிளாஞ்ச் கழறாது. வாணர் தாம்போதியில சாவ்ட் கீழ விழுந்து பிறேக் பைப்பை அடிச்சால் என்ன செய்வியள்?" ஐந்து தொன் தண்ணீரோடு, இரண்டு பக்கமும் கடல். நாங்கள் காத்திருக்க முடிவெடுத்தோம். நாலு நாளும் வேறு ஒருவரின் பவுசரை வாடகைக்கு எடுத்து ஓட்டினோம். அந்த நாலு நாளும் நட்டம்தான்.

கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் பழைய பிளாஞ்சையே மாதிரியாக அனுப்பினோம். மொடல் பெயரை மட்டும் சொன்னால் வேறு ஏதாவது வரும். உள்வரிப் பற்களின் எண்ணிக்கை, போல்ட் ஓட்டைகளின் இடைத்தூரம், சீல் உட்காரும் விட்டம், கழுத்தின் நீளம் ஆகிய நாலும் ஒத்துப்போக வேண்டும். இரவு பஸ்ஸில் சாமான் வந்தது.

பூட்டுவதில்தான் கவனம் வேண்டும். பழையதைக் கழற்ற முன்பே அண்ணை இரண்டு அரைச் சாவ்ட்டையும் உருவி எடுத்து, பிளாஞ்சில் கயிறு சுற்றி, மீன் நிறுக்கிற வில்தராசால் இழுத்து, சுழலும்போது காட்டிய நிறையைக் குறித்து வைத்திருந்தார். விசையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்பம் என்று வகுப்பில் பலகையில் எழுதுகிறோமே, அதுதான். புதியதைப் பூட்டிய பிறகும் கிட்டத்தட்ட அதே நிறை காட்ட வேண்டும். கூடினால் பெயரிங் இறுகிச் சூடாகும், குறைந்தால் பினியன் ஆடும். நசுங்கும் வளையம் உள்ள சின்ன வண்டிகளில் இது இன்னும் முக்கியம். நட்டை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டால் வளையத்தையே மாற்ற வேண்டிவரும்.

பிளாஞ்சைச் சுத்தியலால் அடித்து ஏற்றவில்லை. அடி நேரே பெயரிங்கில் விழும். நட்டாலேயே இழுத்து ஏற்றினோம். அது சுற்றாமல் இருக்க இரண்டு ஓட்டையில் அங்கிள் இரும்பைப் பூட்டி நிலத்தில் ஊன்றினோம். நட் புதிது, சீல் புதிது.

கடைசியாக அண்ணை டிபரன்சலுக்கு மேலே இருக்கிற பிரீதரைக் கழற்றிக் காட்டினார். உப்பும் மணலும் சேர்ந்து கல்லாக அடைத்திருந்தது. ஓடும்போது உள்ளே சூடாகிற காற்று வெளியேற வழியில்லாவிட்டால் ஒயிலைச் சீல் வழியாகத் தள்ளும். அதைச் சுத்தப்படுத்தாமல் சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலும் கசியும்.

தீவுப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள், டிபரன்சல் ஒயில் பார்க்கிற நாளில் பிரீதரையும் ஒருக்கால் பாருங்கள். சாவ்ட்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. "டொங்" சத்தம் கேட்டால் பழகிப்போகாதீர்கள்.